கடல் இருந்த இடத்தில்

சான் பிரான்சிஸ்கோவின் நிதி வட்டாரத்தில், பேட்டரி தெருவை ஒட்டிய ஓர் உயர்ந்த கட்டிடத்தின் ஒன்பதாவது மாடியில் மூன்று ஆண்டுகள் ஒப்பந்த ஊழியனாக வேலை பார்த்தேன். என் மேசைக்கு நேர் கீழே ஒரு காலத்தில் கடல் இருந்தது என்பது, வேலையில் சேர்ந்து ஓராண்டுக்கு மேல் கழிந்த பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. 1848இல் கரை மான்ட்கோமரி தெருவோடு முடிந்துவிட்டது. அதற்குக் கிழக்கே இன்று வரிசையாக இருக்கும் சான்சம், பேட்டரி, ஃபிரன்ட், டேவிஸ், டிரம் ஆகிய தெருக்கள் எல்லாம் யெர்பா புவெனா என்ற சிறிய குடாவின் தண்ணீராக இருந்தன. மலையில் தங்கம் கிடைத்த செய்தி பரவியதும், ஆயிரம் பேர் அளவில் இருந்த ஊர் இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ 25,000 பேரின் நகரமாயிற்று. கப்பலில் வந்த பயணிகள் மட்டுமல்லாமல், கப்பலை ஓட்டிவந்த மாலுமிகளும் அதை நங்கூரத்தில் விட்டுவிட்டுத் தங்கம் தேடிப் போனார்கள். ஆளில்லாமல் நின்ற நூற்றுக்கணக்கான கப்பல்களில் சிலவற்றைக் கரைக்கு இழுத்துக் கிடங்காகவும் விடுதியாகவும் மாற்றினார்கள். பிறகு மணல்மேடுகளைச் சரித்துக் கடலில் கொட்டியபோது, சில கப்பல்கள் இருந்த இடத்திலேயே புதைந்தன.

இதை எனக்குச் சொன்னவர் பேராசிரியர் அல்லர், அருங்காட்சியக அதிகாரியும் அல்லர். என் அலுவலகம் இருந்த அதே நடைபாதைகளில், நான் அங்கு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பு, நண்பர்களோடு சேர்ந்து அட்டையால் செய்த கணினித் திரையைத் தலையில் மாட்டிக்கொண்டு, மதிய உணவுக்கு வெளியே வரும் குமாஸ்தாக்களிடம் ஒரு சிறுபத்திரிகையை விற்றவர். கிறிஸ் கார்ல்சன் என்பது அவர் பெயர். அவரோடு எனக்குப் பழக்கமில்லை. அவர் எழுதியதையும், அவர் தொகுத்ததையும், அவர் தொடங்கிவைத்த சில காரியங்களையும் தொடர்ந்து போனவன் என்ற உரிமையில்தான் இதை எழுதுகிறேன். ஒரு மனிதர் கலகக்காரராக இருந்து, பிறகு வட்டார வரலாற்றாசிரியராக ஆனார் என்று சொன்னால், இளமையின் சூடு ஆறி முதுமையில் ஏட்டுக்குத் திரும்பிய கதையாக நாம் அதைக் கேட்டுக்கொள்வோம். கார்ல்சனின் வாழ்க்கையைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு அந்தக் கதை பொருந்தாது என்பது எளிதில் விளங்கும். அவர் விட்டுவிட்டு வந்த காரியம் என்று ஒன்றுமே இல்லை.

அவர் பிறந்தது 1957இல். எதிர்ப்பண்பாடு என்றதும் உலகம் நினைத்துக்கொள்ளும் 1967ஆம் ஆண்டுக் கோடையில், சான் பிரான்சிஸ்கோவின் ஹெய்ட்–ஆஷ்பரி வட்டாரத்தில் இளைஞர்கள் பூச்சூடித் திரண்டபோது, அவர் பத்து வயதுச் சிறுவர். ஆகவே அவரை ஹிப்பித் தலைமுறையில் சேர்க்க முடியாது. அந்தத் தலைமுறை விட்டுச்சென்றதை எடுத்துக்கொண்டவர் என்று வேண்டுமானால் சொல்லலாம். விட்டுச்சென்றதில் சிறந்த பகுதி, என் கணிப்பில், டிக்கர்கள் என்று தம்மை அழைத்துக்கொண்ட சிறு கூட்டத்தினுடையது. 1966இலிருந்து அவர்கள் பேன்ஹேண்டில் பூங்காவில் யாரிடமும் காசு கேட்காமல் உணவு கொடுத்தார்கள். எல்லாப் பொருளும் இலவசமாகக் கிடைக்கும் கடை நடத்தினார்கள். தெருவில் நாடகம் போட்டார்கள். பத்திரிகைகள் ஹிப்பியை ஒரு விற்பனைப் பொருளாக மாற்றியதைப் பொறுக்காமல் 1967 அக்டோபர் 6ஆம் தேதி ஹிப்பிக்கு இறுதிச் சடங்கு ஊர்வலமே நடத்தினார்கள். கூலிக்கு வெளியேயும் மனிதர்கள் வேலை செய்வார்கள், தெரு என்பது கடந்துபோவதற்கான வழி மட்டும் அல்ல என்ற இரண்டு எண்ணங்களும் அவர்களிடமிருந்து அடுத்த தலைமுறைக்குக் கை மாறின.

கார்ல்சன் 1978இல் சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிவந்தார். நகரம் அப்போது காயப்பட்டிருந்தது. முந்தைய ஆண்டு ஆகஸ்ட் 4ஆம் தேதி, விடிவதற்கு முன்பே, கியர்னி தெருவில் இருந்த இண்டர்நேஷனல் ஹோட்டல் என்ற பழைய விடுதியிலிருந்து அங்கே குடியிருந்த முதியவர்களைப் போலீசார் வெளியேற்றினார்கள். பெரும்பாலும் பிலிப்பினோ, சீனத் தொழிலாளர்கள். வாழ்நாள் முழுதும் வயல்களிலும் கப்பல்களிலும் உணவகங்களிலும் உழைத்து, மணம் செய்துகொள்ளும் வாய்ப்பைக்கூடச் சட்டங்களால் இழந்து, கடைசியில் ஓர் அறையில் ஒதுங்கியவர்கள். சுமார் 3,000 பேர் கைகோத்துக் கட்டிடத்தைச் சுற்றி நின்றும் காப்பாற்ற முடியவில்லை. விடுதி பின்னர் இடிக்கப்பட்டது. அந்த இடம் கால் நூற்றாண்டுக்கு வெறும் பள்ளமாகக் கிடந்து, 2005இல்தான் முதியோர் குடியிருப்பாக மறுபடி எழுந்தது. கார்ல்சன் வந்த ஆண்டின் நவம்பர் 27ஆம் தேதி, மேயர் ஜார்ஜ் மாஸ்கோனியும், வெளிப்படையாகத் தன்னை ஓரினச் சேர்க்கையாளர் என்று அறிவித்துத் தேர்தலில் வென்ற ஹார்வி மில்க்கும் நகர மன்றக் கட்டிடத்திலேயே சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அந்த நகரத்தில்தான் இருபத்தோரு வயது இளைஞர் அணுசக்தி எதிர்ப்பிலும் தெரு நாடகத்திலும் இறங்கினார்.

1981இல் அவரும் கேட்லின் மேனிங் முதலிய நண்பர்களும் தொடங்கிய பத்திரிகையின் பெயர் ப்ராசஸ்ட் வேர்ல்ட். பதப்படுத்தப்பட்ட உலகம் என்று சொல்லலாம். அலுவலகங்களில் புதிதாக நுழைந்த சொற்செயலி இயந்திரங்களையும் அந்தப் பெயர் நினைவூட்டியது. வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் பச்சை எழுத்துத் திரைகளுக்கு முன்னால் எட்டு மணி நேரம் தட்டச்சு செய்துகொண்டிருந்த தற்காலிக ஊழியர்கள்தான் அதன் எழுத்தாளர்களும் வாசகர்களும். கார்ல்சனும் அச்சுக்கோப்பு, பக்க வடிவமைப்பு ஆகிய தொழில்களால் பிழைத்தவர். பிறர் எழுதியதை எழுத்தெழுத்தாகக் கோத்துப் பக்கமாக்கும் தொழிலில் இருப்பவருக்கு, அச்சில் வந்தால் எதுவும் புனிதமாகிவிடாது என்பதும், யார் வேண்டுமானாலும் எதையும் அச்சிடலாம் என்பதும் விரல்களுக்கே தெரிந்திருக்கும்.

அந்தப் பத்திரிகையின் பழைய இதழ்கள் முழுவதும் ஒளிவருடப்பட்டு இண்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்தில் கிடைக்கின்றன. ஒரு பின்மதியத்தில், எனக்குக் கொடுத்திருந்த வேலை முடிந்தும் வேலை செய்வதாகத் தோற்றம் காட்ட வேண்டியிருந்த இரண்டு மணி நேரத்தில், முதல் முறையாக அவற்றை வாசித்தேன். வெட்டி ஒட்டிய படங்கள், கேலிச்சித்திரங்கள், போலி விளம்பரங்கள். எல்லாவற்றையும்விட என்னைப் பிடித்து நிறுத்தியவை வாசகர் கடிதங்கள். ஒரு நாளைக்கு எத்தனை விசைகளைத் தட்டுகிறோம் என்பதை இயந்திரமே எண்ணுவதைப் பற்றி, கண் எரிச்சலைப் பற்றி, மேலாளரின் காலடி கேட்டதும் திரையை மாற்றுவதைப் பற்றி, இந்த வேலை நாளைக்கு நின்றுபோனால் உலகத்தில் யாருக்கு என்ன குறைந்துவிடும் என்ற கேள்வியைப் பற்றியெல்லாம் அவர்கள் பேசிக்கொண்டார்கள். நான் அப்போது செய்துகொண்டிருந்ததும் திரையை மாற்றுவதுதான். நான் பள்ளிக்கூடமே போகாத காலத்தில், என் மேசையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்த ஒருவர் என் நாளை எழுதிவைத்திருந்தார்.

சம்பளம் போதவில்லை என்று மட்டும் சொல்லும் பத்திரிகையாக அது இருந்திருந்தால் எப்போதோ மறந்துபோயிருக்கும். செய்கிற வேலைக்குத் தகுந்த கூலி கேட்பது ஒன்று; செய்கிற வேலையே செய்யத் தகுந்ததுதானா என்று கேட்பது வேறு. இரண்டாவதைக் கேட்டதால் இடதுசாரித் தொழிற்சங்கங்களிலேயே சிலருக்கு அது உவப்பாக இல்லை. ஒழுங்காக 1990களின் நடுப்பகுதி வரை, முப்பதுக்கும் மேற்பட்ட இதழ்கள் வந்தன. இன்று அலுவலகக் கணினிமயத்தின் தொடக்க ஆண்டுகளை ஆராய விரும்புகிறவர், நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் இயந்திரங்களின் எண்ணிக்கையைத்தான் காண்பார். அந்த இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தவரின் கழுத்து வலியைக் காண வேண்டுமென்றால் இந்தக் கடிதங்களுக்குத்தான் வர வேண்டும். வரலாறு எழுதப்போகிறோம் என்ற நினைப்பே இல்லாமல் அவர்கள் மூல ஆவணம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். கார்ல்சன் வரலாற்றாசிரியரான நாள் எது என்று யாராவது கேட்டால், 1981 என்றுதான் நான் சொல்வேன்.

பதினொரு ஆண்டுகள் கழித்து, 1992 செப்டம்பர் 25ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாலை, மார்க்கெட் தெருவின் கிழக்கு முனையில் உள்ள சதுக்கத்தில் ஏறத்தாழ ஐம்பது பேர் சைக்கிளோடு கூடி, ஒன்றாக வீடு திரும்பினார்கள். தொடங்கிவைத்த சிலரில் கார்ல்சனும் ஒருவர். மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணி: இவ்வளவுதான் ஏற்பாடு. தலைவர் கிடையாது, அனுமதி கேட்பதும் கிடையாது. சீனாவின் சாலைச் சந்திப்புகளில் சைக்கிள்காரர்கள் ஒதுங்கி ஒதுங்கிச் சேர்ந்து, போதுமான அளவு கூடியதும் மொத்தமாகக் கடந்துபோவதைக் கண்ட ஜார்ஜ் பிளிஸ் என்பவர், டெட் ஒயிட்டின் ஆவணப்படத்தில் அந்தக் கணத்தைக் கிரிட்டிக்கல் மாஸ் என்று வர்ணித்திருந்தார். அந்தப் பெயரே இந்தப் பயணத்துக்கும் நிலைத்தது. எந்த வழியில் போகலாம், ஏன் போகிறோம் என்று கருத்துச் சொல்ல விரும்பியவர் துண்டறிக்கை எழுதி நகலெடுத்து வந்து எல்லாருக்கும் கொடுக்கலாம். இந்த முறைக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயரைத் தமிழில் ஜெராக்ஸ் ஆட்சி என்று சொன்னால் சரியாக இருக்கும். சில ஆண்டுகளில் உலகம் முழுவதும் முந்நூறுக்கும் மேற்பட்ட நகரங்களில் இதே கடைசி வெள்ளிக்கிழமைப் பயணம் நடந்தது.

நான் முதன்முதலில் அதில் கலந்துகொண்டபோது எனக்குக் கிடைத்த அனுபவத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மார்க்கெட் தெருவில் நான் தினமும் நடந்திருக்கிறேன். ஆனால் அந்தத் தெருவின் நடுவில் இருந்து அதைப் பார்த்ததில்லை. குறுக்குத் தெருக்களில் சிலர் சைக்கிளை நிறுத்தி வண்டிகளை மறித்துக்கொள்ள, நாங்கள் நடைக்குச் சற்றே கூடுதலான வேகத்தில் போய்க்கொண்டிருந்தோம். எஞ்சின் இரைச்சல் விலகியதும் சங்கிலி ஓடும் கிறுகிறு ஓசையும், மணியோசையும், பேச்சும் மட்டும் கேட்டன. பின்னால் வருகிற வண்டியைப் பற்றிய பயம் இல்லாததால் தலையை நிமிர்த்த முடிந்தது. கட்டிடங்களின் இரண்டாம் மூன்றாம் மாடிகளை அன்றுதான் பார்த்தேன்: கல்லில் செதுக்கிய ஆண்டுகள், மூடிப்போன கடைகளின் பெயர் தேய்ந்த சுவர்கள், 1906ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்கும் தீக்கும் பிறகு அவசரமாகக் கட்டிய செங்கல் முகப்புகள். பக்கத்தில் வந்த முதியவர் ஒருவர், தான் வேலை பார்த்த அச்சகம் எந்தக் கட்டிடத்தில் இருந்தது என்று கை நீட்டிக் காட்டினார். இந்த வேகத்தில் போகிறவனுக்கு நகரம் தன் வயதைச் சொல்லத் தொடங்குகிறது. கார்ல்சனைத் தெருப்போராட்டத்திலிருந்து தெரு வரலாற்றுக்குக் கொண்டுவந்தது சைக்கிளின் வேகம்தான் என்று அன்றிலிருந்து நம்புகிறேன்.

இந்தப் பயணத்தால் பாதிக்கப்பட்டவர்களையும் நினைக்காமல் இருக்க முடியாது. வேலை முடிந்து பேருந்தில் நின்றபடி வீடு திரும்பும் துப்புரவுத் தொழிலாளியும் அந்த மறியலில் காத்திருந்தார். காரில் இருந்தவர்களைச் சீண்டி வம்பு வளர்த்த சைக்கிள்காரர்களும் கூட்டத்தில் இருந்தார்கள். வண்டிக்காரர்களோடு சண்டைக்குப் போகாதீர்கள், கையசைத்துப் புன்னகையோடு கடந்துபோங்கள் என்று தொடக்கக்காரர்களே துண்டறிக்கை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1997 ஜூலையில் நகர நிர்வாகம் பயணத்தை அடக்க முயன்றபோது ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டார்கள். பயணம் நிற்கவில்லை. பிறகு வந்த ஆண்டுகளில் நகரத்துச் சாலைகளில் சைக்கிள் தடங்கள் பெருகியதில் இதற்குப் பங்கு உண்டு என்பதை, முணுமுணுத்தபடியே ஆனாலும், எதிர்த்தவர்கள் பலரும் ஒப்புக்கொள்வார்கள்.

அவர்கள் கூடிய சதுக்கத்தின் பெயரே ஒரு வரலாற்றுப் பாடம். அன்று அதற்கு ஜஸ்டின் ஹெர்மன் சதுக்கம் என்று பெயர். 1959 முதல் 1971 வரை நகரத்தின் மறுசீரமைப்பு வாரியத்தை நடத்திய ஹெர்மன், கறுப்பின மக்கள் வாழ்ந்த ஃபில்மோர் பகுதியில் தெருத்தெருவாக வீடுகளை இடித்து ஆயிரக்கணக்கான குடும்பங்களைச் சிதறடித்த திட்டத்தின் தலைமகன். 2017இல்தான் அந்தப் பெயர் நீக்கப்பட்டது. சதுக்கத்தின் அருகே ஈரடுக்கு எம்பர்காடெரோ விரைவுச்சாலை கடலை மறைத்து நின்றது. 1989 அக்டோபர் 17ஆம் தேதி நிலநடுக்கத்தில் அது சேதமடைய, 1991இல் அதை இடித்தார்கள். பத்து நிமிடம் நடந்தால் ஸ்டூவர்ட் தெருவும் மிஷன் தெருவும் சந்திக்கும் மூலை வரும். 1934 ஜூலை 5ஆம் தேதி, துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது, அங்கே போலீசாரின் குண்டுக்கு ஹவர்ட் ஸ்பெரியும் நிக் போர்டோயிஸும் பலியானார்கள். நான்கு நாள் கழித்து, அவர்களுடைய உடல்களைத் தொடர்ந்து பல்லாயிரம் பேர் இதே மார்க்கெட் தெருவில் ஒரு சொல்லும் பேசாமல் நடந்தார்கள்; அந்த மௌனமே ஜூலை 16ஆம் தேதி தொடங்கிய நகரம் தழுவிய பொது வேலைநிறுத்தத்துக்கு வழிவிட்டது. தெருவை மக்கள் கையில் எடுப்பது ஏதோ 1992இல் சில சைக்கிள்காரர்களுக்குத் தோன்றிய புதுமை என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு, அதே தார்ச்சாலையின் அடியில் இப்படி ஓர் அடுக்கு இருப்பது தெரிந்தபோது என்ன தோன்றியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அந்த அடுக்குகளைத் தொகுக்கும் வேலையைக் கார்ல்சனும் நண்பர்களும் 1990களின் நடுவில் தொடங்கினார்கள். ஷேப்பிங் சான் பிரான்சிஸ்கோ என்று பெயர். 1998இல் முதலில் அது ஒரு குறுந்தகடாக வந்தது. அதே ஆண்டில், ஜேம்ஸ் புரூக், நான்சி பீட்டர்ஸ் ஆகியோருடன் சேர்ந்து அவர் தொகுத்த ரீகிளெய்மிங் சான் பிரான்சிஸ்கோ என்ற கட்டுரைத் தொகுதியைச் சிட்டி லைட்ஸ் பதிப்பகம் வெளியிட்டது. அலுவலகக் கணினியைச் சந்தேகத்தோடு பார்த்த பத்திரிகையை நடத்தியவர், நினைவைச் சேமிக்கக் கணினியையே நாடியதில் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இயந்திரம் யார் கையில், எதற்காக என்பதே தொடக்கத்திலிருந்து அவர்களுடைய கேள்வி. ஆனால் அந்தக் குறுந்தகடு சீக்கிரமே பழசாகிவிட்டது. கணினிகள் மாறின, இயக்குகிற மென்பொருள் மாறியது, உழைத்துச் சேர்த்த பக்கங்கள் திறக்க மறுத்தன. காகிதத்தில் இருந்திருந்தால் நூறு ஆண்டு நின்றிருக்கும். 2009இல் எல்லாவற்றையும் ஃபவுண்ட் எஸ்.எஃப். என்ற விக்கி இணையதளமாக மாற்றினார்கள். ஊர்க்காரர் எவரும் தம் தெருவைப் பற்றி எழுதிச் சேர்க்கலாம், பழைய படத்தைக் கொடுக்கலாம், இருப்பதைத் திருத்தலாம். துண்டறிக்கையை யாரும் எழுதி நகலெடுத்து வரலாம் என்ற அதே ஜெராக்ஸ் ஆட்சிதான் இங்கே காப்பகமாக உருவெடுத்திருக்கிறது.

கூடவே பேச்சுக்கூட்டங்கள், நடைச் சுற்றுலாக்கள், சைக்கிள் சுற்றுலாக்கள். லிசாரூத் எலியட் இணை இயக்குநராகப் பொறுப்பேற்று அவரோடு இதை நடத்திவந்திருக்கிறார். 1968 முதல் 1978 வரையிலான பத்தாண்டுகளைப் பற்றி, அவற்றில் பங்கெடுத்தவர்களையே எழுதவைத்து 2011இல் ஒரு தொகுதி வெளிவந்தது: சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் கறுப்பின மாணவர்களும் பிற சிறுபான்மை மாணவர்களும் ஏறத்தாழ ஐந்து மாதம் நடத்தி, இனக்குழு ஆய்வுகளுக்கெனத் தனிக் கல்லூரியைப் பெற்றுத்தந்த வேலைநிறுத்தம், 1969 நவம்பரிலிருந்து பத்தொன்பது மாதம் ஆல்கட்ராஸ் தீவைப் பூர்வகுடி மக்கள் கைப்பற்றி வைத்திருந்தது முதலிய நிகழ்வுகள் நடந்த பத்தாண்டுகள் அவை. 2020இல் வந்த ஹிடன் சான் பிரான்சிஸ்கோ, சூழல், உழைப்பு, போக்குவரத்து, எதிர்ப்பு என்ற நான்கு நோக்கில் நகரத்தைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டி. அதைப் பையில் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சைக்கிளில் கிளம்பிவிடுவேன்.

அப்படிப் போனவற்றில் விகிள் என்று சைக்கிள்காரர்கள் சொல்லும் வழியே எனக்கு மிகவும் பிடித்தது. மார்க்கெட் தெருவிலிருந்து கோல்டன் கேட் பூங்காவுக்குப் போக நேர்வழியில் மேடு ஏறினால் மூச்சு முட்டும். அதைத் தவிர்க்க டபோஸ், ஸ்டைனர், வாலர், பியர்ஸ், ஹெய்ட், ஸ்காட் என்று ஒவ்வொரு மூலையிலும் திரும்பித் திரும்பிப் போனால், குன்றுகளுக்கு நடுவே ஏற்றம் தெரியாமல் ஏறிவிடலாம். இந்த வளைவுகளை யாரும் திட்டமிட்டு வரையவில்லை. ஒரு காலத்தில் அங்கே ஓடை ஓடியது. தண்ணீர் தேடிய தாழ்ந்த தடத்தையே மிதிப்பவர்களின் கால்கள் மறுபடி கண்டுபிடித்தன. ஐரோப்பியர் வருவதற்கு முன்னால் அந்தத் தீபகற்பத்தில் வாழ்ந்த ராமைடுஷ் ஓலோனி மக்களும், மேட்டை விட்டு இந்தத் தாழ்வில்தான் நடந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஒரு முறை பெருமழை ஓய்ந்த மாலையில் அங்கே ஒரு திருப்பத்தில் சைக்கிளை நிறுத்தியபோது, சாக்கடை மூடியின் துளைகள் வழியே கீழே தண்ணீர் பாயும் ஓசை கேட்டது. அந்த நகரத்தில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில்தான் போகின்றன என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் அது ஓடையின் குரலாகவே கேட்டது. நின்று கேட்டுவிட்டுத்தான் போனேன்.

வட்டார வரலாறு இந்தப் பழக்கத்தை நம்மிடம் ஏற்படுத்திவிட்டால், பிறகு அவரவர் தேடலுக்கு அவரவரே பொறுப்பு. இந்தியனாகிய நான் வூட் தெருவின் 5ஆம் எண்ணைத் தேடிக்கொண்டு போனேன். கதர், அதாவது கலகம் என்ற பொருளில் பெயர் வைத்துக்கொண்ட கட்சியின் யுகாந்தர் ஆசிரமம் இருந்த இடம். இன்று அங்கே நினைவகம் இருக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சியைத் தூக்கியெறிய அறைகூவிய கதர் பத்திரிகையின் முதல் இதழ், 1913 நவம்பர் 1ஆம் தேதி, இந்த நகரத்திலிருந்துதான் வெளிவந்தது. பஞ்சாபிலிருந்து வந்து மர அறுவை ஆலைகளிலும் வயல்களிலும் உழைத்தவர்களின் காசில் அச்சான பத்திரிகை அது. 1918 ஏப்ரலில், கதர் கட்சியினரும் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த சதி வழக்கு விசாரணையின் இறுதி நாளில், ராம் சந்திரா என்ற கதர் தலைவரை உடன் குற்றஞ்சாட்டப்பட்ட ராம் சிங் சுட்டுக்கொன்றதும் இங்குள்ள நீதிமன்ற அறைக்குள்தான். விசாவும் மடிக்கணினியுமாக வந்து இறங்கிய என்னைப் போன்றவர்களுக்கு முன்னால், அதே ஊரில் இப்படி ஒரு கூட்டம் வாழ்ந்திருக்கிறது. அதுவரை அந்த நகரத்தில் நான் ஒரு வாடகைக்காரன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாடகை என்றதும் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். 2013 டிசம்பர் 9ஆம் தேதி, வாலன்சியா தெருவில், தொழில்நுட்ப நிறுவன ஊழியர்களை ஏற்றிச்செல்லும் தனியார் பேருந்து ஒன்றை வீட்டு உரிமைப் போராளிகள் மறித்தார்கள். ஊழியர்களின் சம்பளம் ஏற ஏற மிஷன் பகுதியில் வாடகை ஏறி, தலைமுறையாக இருந்த குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. நானும் மென்பொருள் வேலைக்காக வந்தவன்; நான் குடியிருந்த அறையில் எனக்கு முன்னால் இருந்தவர் யார், எங்கே போனார் என்று நான் விசாரித்ததில்லை. ப்ராசஸ்ட் வேர்ல்டின் கடிதங்களில் என்னைக் கண்டுகொண்ட அதே நான், இண்டர்நேஷனல் ஹோட்டலின் கதையை வாசித்தபோது எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பதையும் பார்க்க வேண்டியிருந்தது. கார்ல்சனின் வரலாறு எனக்கு ஆறுதல் மட்டும் தந்திருந்தால் அதை இவ்வளவு மதித்திருக்க மாட்டேன்.

இப்படிப்பட்ட வரலாறு ஒருதலைப்பட்சமானது என்று சொல்பவர்கள் உண்டு. அது உண்மைதான். கலகம் செய்தவர்களும் வெளியேற்றப்பட்டவர்களும் அதில் நிறைய இடம் பெறுகிறார்கள். எந்தப் போராட்டத்திலும் சேராமல், கடை நடத்தி, பிள்ளை வளர்த்து, மறைந்துபோன பெரும்பான்மையினர் குறைவாகவே வருகிறார்கள். அது எனக்கு ஒரு குறையாகவே தோன்றுகிறது. ஆனால் நகரத்தின் அதிகாரபூர்வமான சிலைகளும் பெயர்ப்பலகைகளும் எந்தப் பக்கம் நிற்கின்றன என்பதை மறைத்துக்கொண்டு நிற்கின்றன. இவர் தன் பக்கத்தை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். 1978இல் ஸ்வீடன் எழுத்தாளர் ஸ்வென் லிண்ட்க்விஸ்ட், தொழிலாளர்கள் தாம் வேலை பார்க்கும் ஆலையின் வரலாற்றைத் தாமே ஆராய வேண்டும், அந்த வேலையில் நிபுணர் அவர்களே என்று ஒரு கையேடு எழுதினார். நின்ற இடத்தில் தோண்டு என்பது அதன் தலைப்பு. கார்ல்சன் செய்தது அந்த வகையைச் சேர்ந்தது. 2004இல் வெளிவந்த ஒரு நாவலில், கடல்மட்டம் உயர்ந்த 2157ஆம் ஆண்டின் சான் பிரான்சிஸ்கோவையும் அவர் கற்பனை செய்து பார்த்திருக்கிறார். தூர்த்த கடல் திரும்பிவரக்கூடும் என்பதை, தூர்த்த கதை அறிந்தவர் நினைக்காமல் இருப்பாரா?

என் ஒப்பந்தம் முடிந்த நாளில், அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போகாமல் கிளே தெருவும் சான்சம் தெருவும் சந்திக்கும் இடத்துக்கு நடந்தேன். நயான்டிக் என்ற கப்பல் புதைந்திருந்தது அங்கேதான். 1849இல் வந்து, கரைக்கு இழுக்கப்பட்டு, கிடங்காக இருந்து, 1851 மே மாதப் பெருந்தீயில் மேல்பாகம் எரிந்து, மிச்சத்தின் மேல் ஒரு விடுதி எழும்பி, எல்லாரும் மறந்துபோன பிறகு 1978இல் அஸ்திவாரம் தோண்டியவர்களின் கண்ணில் பட்ட கப்பல். கார்ல்சன் அந்த நகரத்துக்கு வந்த ஆண்டும் அதுதான் என்பது தற்செயல்தான் என்றாலும் எனக்கு மறக்க முடியாதது. சுவரில் சிறிய நினைவுப் பலகை ஒன்று பதித்திருக்கிறார்கள். மூன்று ஆண்டுகளில் அதைக் கடந்து எத்தனையோ முறை காபி வாங்கப் போயிருக்கிறேன்.

பலகையை வாசித்துக்கொண்டு நெடுநேரம் நின்றிருப்பேன் போலும். கழுத்தில் அலுவலக அட்டை தொங்க, கையில் மதிய உணவுப் பொட்டலத்தோடு போய்க்கொண்டிருந்த ஒரு பெண், அங்கே அப்படி என்ன இருக்கிறது என்று நின்று கேட்டார். கப்பலைப் பற்றிச் சொன்னேன். தங்கம் தேடிப்போன மாலுமிகளைச் சொன்னேன். மணலைக் கொட்டித் தூர்த்ததைச் சொன்னேன். அவர் தன் காலுக்குக் கீழே நடைபாதையைப் பார்த்தார். பிறகு, அப்படியானால் கரை எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டார். நான் மேற்கே திரும்பி, அடுத்த தெருவான மான்ட்கோமரியை நோக்கிக் கை நீட்டினேன்.